வெள்ளைக்காரர் போய் இத்தனை வருசம்: மட்டக்களப்பு, அம்பாறைக் காணிகளில் அவர்களின் சட்டம் எங்கெல்லாம் இருக்கிறது?

படுவான்கரை எழுதியது:

வணக்கம். உயர்தர மாணவர்களோட காலனித்துவம் பற்றி ஒரு கலந்துரையாடலுக்கு ஆயத்தம் செய்யிறம். பாடப்புத்தகத்தில கோப்பி, தேயிலை, றப்பர், புகையிரதம், ஆங்கிலக் கல்வி எல்லாம் இருக்கு. எங்கட ரெண்டு மாவட்டத்திலயும் தேயிலைத் தோட்டம் இல்லை. புளியந்தீவுக் கோட்டை இருக்கு. 1628 இல போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல ஒல்லாந்தரிட்ட இழந்தது. பிள்ளைகள் அதில நிண்டு படம் எடுத்ததோட காலனித்துவம் முடிஞ்சுபோகுது.

ஆனா அவங்கட வீடுகளில பேச்சுப்படுற விசயம் வேற. தலைமுறை தலைமுறையாகக் காடு வெட்டிச் சேனை செய்த மேட்டுக்காணி எப்படி அரச காணி ஆனது? மூத்த மகளுக்குச் சீதனமாகக் குடுத்த வளவு, தகப்பன் மோசம்போன (இறந்த) பிறகு ஏன் மகன்ட பேருக்குப் போகுது? மேய்ச்சற்தரைக்கு ஏன் ஒருத்தரிட்டயும் ஒரு துண்டு எழுத்தும் இல்லை? இந்த மூண்டுக்கும் காலனித்துவத்துக்கும் நேர்த் தொடர்பு இருக்கா, இல்லாட்டி எல்லாத்தையும் வெள்ளைக்காரன் தலையில கட்டிப்போட்டு நாங்க தப்பிக்கிறமா? சட்டம், ஆண்டு, நடைமுறை தெரிஞ்சவங்க விபரமாக எழுதுங்க. கோசம் வேண்டாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தங்கட காணிப் பத்திரத்தை எடுத்து விரிச்சுப் பார்க்கிற அளவுக்கு விளக்கம் வேணும்.

---

உறுதிக்கட்டு எழுதியது:

சேர், முதற் கேள்விக்கு நான் எழுதுகிறேன். நேர்த் தொடர்பு இருக்கிறது. கோட்டையை விட்டுவிட்டு 1840 இல் தொடங்குங்கள்.

அந்த ஓர் ஆண்டிலேயே இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. ஒன்று 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணியை விற்பது, ஈடு வைப்பது, நன்கொடை கொடுப்பது எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் (உறுதி எழுதும் சட்ட அலுவலர்) இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்கக் கையொப்பம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. மற்றது 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரியவை, அதாவது பிரித்தானிய அரசுக்குரியவை, என்றே ஊகிக்கப்படும். இல்லை என்பவர் அதை நிரூபிக்க வேண்டும். பல வருட இடைவெளி விட்டு மட்டுமே பயிரிடக்கூடிய சேனை நிலம், பழைய கண்டி மாகாணங்களுக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் காடு அல்லது தரிசு என்ற வகைக்குள் அடங்கும் என்றும் அதிலேயே எழுதினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முதலாவது சட்டம் வாய்ச்சொல்லால் நடந்த கைமாற்றத்தின் பெறுமதியை எடுத்தது. இரண்டாவது, எழுத்து இல்லாதவரின் நிலத்தை அரசிடம் சேர்த்தது. மலைநாட்டில் கோப்பித் தோட்டக்காரருக்கு உரித்துச் சிக்கல் இல்லாமல் நிலம் விற்கவே இந்த ஏற்பாடு தேவைப்பட்டது. ஏக்கர் 5 சிலிங் என்றிருந்த அடிவிலை 1844 இல் 20 சிலிங் ஆனது. ஆனால் சட்டம் தீவு முழுவதற்கும் என்றபடியால், கோப்பி முளைக்காத, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சேனைக்காரரும் அதே வலைக்குள் வந்தார். ஒரு வருடம் வெட்டி எரித்துச் சோளமும் குரக்கனும் போட்டு, பிறகு மண் தேறட்டும் என்று ஏழெட்டு வருடம் காடாக விடுவதுதான் சேனையின் முறை. அந்த ஏழெட்டு வருட ஓய்வையே சட்டம் "பயிரிடாத நிலம்" என்று பெயர் வைத்து எடுத்துக்கொண்டது. இதைத்தான் நான் அநியாயம் என்பேன்.

தொடர்ந்து வயல் விதைத்த வட்டைக்கும் (வயல்வெளிக்கும்) குடியிருந்த வளவுக்கும் அந்த ஊகம் பொருந்தவில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பெரும்பாலும் உறுதிக் காணியும் (நொத்தாரிசு உறுதி உள்ள தனியார் காணி), வாவிக்கு மேற்கே போகப் போக அனுமதிப்பத்திரக் காணியும் (அரசு பத்திரம் கொடுத்த காணி) இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

பிறகு வந்தவை வேகமாக: 1897 இன் தரிசு நிலக் கட்டளைச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1931 இன் 20 ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டமும் ஒரே வழியில் வேலை செய்தன. "இந்தக் காணிக்கு உரிமை கோருபவர் மூன்று மாதத்துக்குள் வரவும்" என்று வர்த்தமானியில் அறிவித்தல் போடுவார்கள். வராவிட்டால் அது முடிக்குரியது. நிர்ணயக் கட்டளை வெளியான பிறகு அதுவே முடிந்த முடிவு. வர்த்தமானி போய்ச் சேராத ஊருக்கு, சேர்ந்தாலும் வாசிக்க ஆளில்லாத ஊருக்கு, மூன்று மாதம் என்ன காணும்? 1947 இன் 8 ஆம் இலக்க அரச காணிக் கட்டளைச் சட்டமும் நிரூபிக்கும் பாரத்தை அரசுக்கு எதிராக நிற்பவர் தலையிலேயே வைத்தது. 1840 இன் 12 ஆம் இலக்கச் சட்டமோ "முடி" என்ற இடத்தில் "அரசு" என்று மாறி இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் அரசுக்குரியது என்று சொல்வார்கள்; அந்தக் கணக்கின் அடியில் இந்த ஊகம் கிடக்கிறது.

பிள்ளைகள் வீட்டில் பார்க்க வேண்டியவை:

முதலில் பத்திரத்தின் தலைப்பு. "காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்" என்று இருந்தால் அது 1935 இன் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு. ஜெயபூமி, சுவர்ணபூமி என்ற பெயர்களில் வந்த அளிப்புகளும் அந்தச் சட்டத்தின் கீழானவையே. நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி, இரண்டு சாட்சிகள் இருந்தால் அது உறுதி. இரண்டும் இல்லாமல் முத்திரை ஒட்டி இருவர் கையெழுத்துப் போட்ட தாள் மட்டும் இருந்தால், காணியைப் பொறுத்தவரை அதற்குச் சட்டப் பெறுமதி இல்லை.

உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடம் பின்னோக்கித் தேட வேண்டும். முந்திய உறுதிகள் ஒன்றுக்கொன்று தொடுக்கிறதா, எல்லையும் பரப்பளவும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் அங்கேதான் வழக்கு முளைக்கும். 1978 சூறாவளியிலும் இடப்பெயர்வுகளிலும் 2004 சுனாமியிலும் வீட்டுப் பிரதி போனவர்கள் கைவிட வேண்டாம். நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் தான் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கமும் நொத்தாரிசு பெயரும் திகதியும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் காணியின் பெயர், ஊர், நாலு எல்லை, அயல்காணிக்காரரின் உறுதி இலக்கம் ஆகியவற்றைக் கொண்டு பதிவேட்டில் தேடுவார்கள்.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. அரச காணியில் நீண்ட காலம் இருப்பவர், "இது என் காணி" என்று தானே நொத்தாரிசிடம் பிரகடன உறுதி முடித்துவிட்டு உரித்து வந்துவிட்டதாக நம்புகிறார். 1871 இன் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி 10 வருட எதிரிடை ஆட்சி தனியாருக்கு எதிராக வேலை செய்யும். அரசுக்கு எதிராக அந்த 10 வருடம் ஓடாது. நொத்தாரிசுக்குக் கொடுத்த காசு வீண்.

---

முதுசம் எழுதியது:

இரண்டாவது கேள்வி மட்டக்களப்புக்கே உரியது. பாடப்புத்தகத்தில் வராது, ஆகவே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை என்ற வழமைச் சட்டம். அதை ஒல்லாந்தர் 1707 இல் எழுதுவித்தார்கள், இன்றும் சட்டமாக நிற்கிறது. மட்டக்களப்புக்கு இருந்தது முக்குவர் சமூகத்தின் பெயரால் வந்த முக்குவர் சட்டம். குடி (குலப் பிரிவு) தாய்வழி, முதுசச் சொத்தும் (பரம்பரைச் சொத்தும்) தாய்வழி. ஓர் ஆணின் முதுசம் அவனது பிள்ளைகளுக்கு அல்ல, அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அவன் தானே தேடிய தேட்டத்தை விரும்பியபடி கொடுக்கலாம். 1876 இன் 15 ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்ததோடு முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் செல்லுபடியற்றுப் போனது. தேசவழமைக்கும் கண்டியச் சட்டத்துக்கும் முஸ்லிம்களுக்கும் விலக்குக் கிடைத்தது. மட்டக்களப்புத் தமிழருக்குக் கிடைக்கவில்லை.

புதிய விதியைக் கணக்காகக் காட்டுங்கள். 2 ஏக்கர் உறுதிக் காணியோடு ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறக்கிறார். மனைவியும் 4 பிள்ளைகளும் இருக்கிறார்கள். மனைவிக்குப் பாதி, அதாவது 1 ஏக்கர். மற்ற 1 ஏக்கர், 160 பேர்ச், ஆண் பெண் வேறுபாடின்றி ஆளுக்கு 40 பேர்ச். சகோதரியின் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் சமூகம் இதற்கு என்ன செய்தது என்பதுதான் நான் மெச்சுகிற இடம். சட்டத்தோடு மோதவில்லை. சாவுக்குப் பிறகு பங்கு போடும் நிலைமையே வராதபடி பார்த்துக்கொண்டது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் வயலில் ஒரு பகுதியும் அவள் பெயருக்கு உறுதி எழுதி முடித்துவிடுவது, தாய் தகப்பன் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொள்வது, மருமகன் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது, அடுத்த மகளுக்கு அருகிலேயே இன்னொரு வீடு கட்டுவது என்று முறை அமைந்தது. குடியும் கோயில் உரிமையும் தாய்வழியிலேயே தொடர்ந்தன. அக்கரைப்பற்று, சம்மாந்துறை, காத்தான்குடிப் பக்கம் முஸ்லிம்களிடமும் இதே முறைதான். 1931 இன் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி இறந்தபின் மகனுக்கு மகளைப் போல இரு பங்கு வந்தாலும், வீட்டை உயிரோடிருக்கும்போதே மகளுக்கு எழுதிவிடுகிறார்கள்.

இது உறுதிக் காணியில் வேலை செய்யும். அனுமதிப்பத்திரக் காணியில் வேலை செய்யாது. உங்கள் மாணவர் வீட்டுச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் காணி துண்டு துண்டாகக் கூடாது என்று ஒரே ஒரு பின்னுரித்தாளருக்கே (பத்திரக்காரருக்குப் பிறகு காணியைப் பெறுபவருக்கே) இடம் கொடுத்தது. பெயர் குறித்து நியமிக்காவிட்டால் அட்டவணைப்படி முதலில் மகன்மார், பிறகுதான் மகள்மார். ஒரே வகுப்பில் பலர் இருந்தால் மூத்தவருக்கு. மூத்த பிள்ளை மகளாக இருந்தாலும் கடைசி மகனுக்குப் பின்னால்தான் அவள் இடம். மனைவி இருக்கும்வரை அனுபவிக்கலாம், கைமாற்ற முடியாது. இங்கிலாந்தில் மூத்த மகனுக்கு நிலம் போன வழக்கத்தின் வாசனை அந்த அட்டவணையில் அடிக்கிறது. தாய்வழிக் குடியிருப்பு உள்ள எங்கள் ஊர்களில் அது வந்து விழுந்தபோது, அக்கா வாழும் வீட்டுக்குச் சட்டப்படி உரித்து, வேறு ஊரில் மனைவி வீட்டில் இருக்கும் தம்பிக்கு என்றாகிவிட்டது. 2022 இல் திருத்தச் சட்டம் வந்து ஆண்பால் முன்னுரிமையை நீக்கியது. எண்பத்தேழு வருடம் பிந்தி வந்த திருத்தம். பழைய கோப்புகளில் எந்த விதி பொருந்தும் என்று பார்க்க முதலில் கேட்கப்படுவது இறந்த திகதி. மரணச் சான்றிதழோடு போங்கள்.

செய்ய வேண்டியது இலகு, ஆனால் பலர் செய்வதில்லை. அனுமதிப்பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் மகளைப் பின்னுரித்தாளராக நியமித்து, அந்த நியமனத்தைப் பதிவு செய்விக்க வேண்டும். பதிவு செய்யாத நியமனம் கையில் வைத்திருக்கும் வெறும் படிவம். பத்திரக்காரர் இறந்தால் நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் காணியில் ஆட்சிக்கு வர வேண்டும். தவறினால் உரித்துப் போய்விடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை நியமிக்கும்போது இதை மறக்கிறார்கள். வாழ்க்கைத்துணை இருந்தால் அவருடைய இறப்பிலிருந்து காலம் எண்ணப்படும். சீதனம் என்று அனுமதிப்பத்திரக் காணியை நொத்தாரிசிடம் எழுதுவிப்பது அனுமதி இல்லாமல் நடந்தால் வெற்று.

இன்னொன்று. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் கணிசமானவை "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்டன. அழிந்த வீடு மனைவியின் சீதன வீடு. குடும்பத்துக்குத் தலைவர் ஒருவர், அவர் ஆண் என்று படிவம் அச்சடிக்கிறவர் நினைத்துக்கொண்டார். காலனித்துவம் 2005 இலும் எங்கே வேலை செய்தது என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

---

சம்மாந்துறையான் எழுதியது:

மேலே எழுதின ரெண்டு பேரும் சட்டத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறாங்க. ஆனா சேர் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்ல: எல்லாத்தையும் வெள்ளைக்காரன் தலையில கட்டலாமா? கட்டேலாது.

பழைய ஒழுங்கு எல்லாருக்கும் நல்லதாக இருக்கல்ல. வட்டையெல்லாம் போடியார்மார் (பெரிய வயற்காரர்) கையில. முல்லைக்காரன் வயலைப் பார்த்து, காவல் காத்து, சூடு அடிச்சுக் குடுத்திட்டுத் தன்ட பங்கை வாங்கிட்டுப் போகவேணும். கீழ்ச்சாதி எண்டு வைக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கோயிலிலயும் ஊரிலயும் ஊழியம்தான் உரிமை. முக்குவர் சட்டம் எண்ட பேரே, ஆர்ட கையில நிலம் இருந்தது எண்டதைச் சொல்லுது. பிரித்தானியர் வன்னிமை, விதானை எண்ட உள்ளூர்த் தலைமைப் பதவிகளை அப்படியே வைச்சுத் தங்கட ஆளாக்கினாங்க. நில அளவைக் காசு கட்டவும் கச்சேரிக்கு (அரச அலுவலகத்துக்கு) போய்வரவும் வசதி இருந்தவன் முடிக்குரிய காணியை ஏலத்தில எடுத்துப் பெரிய போடியாரானான். வசதி இல்லாதவன் எடுக்கல்ல. நெல் வரியும் அப்படித்தான். 1892 இல அதை நிப்பாட்டுற வரைக்கும், வரி கட்டேலாதவன்ட வயல் வித்துப்போகும். வாங்கினவன் பெரும்பாலும் உள்ளூர்க்காரன். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேணும். காலனி ஆட்சியை இஞ்ச நடத்தினது கொஞ்சம் வெள்ளைக்காரரும் நிறைய எங்கட ஆக்களும்.

அடுத்தது, 1935 சட்டம் வரக்குள்ள காணி அமைச்சு அரசுப் பேரவையில உள்ளூர் அமைச்சர் டி.எஸ். சேனாநாயக்க கையில. 1948 க்குப் பிறகு அரசாங்கம் 1840 ஊகத்தைத் தூக்கி எறிஞ்சிருக்கலாம். எறியல்ல. அதால கிடைச்ச நிலத்தை வைச்சுத்தான் 1949 இல கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது. இங்கினியாகலையில பட்டிப்பளை ஆற்றை மறிச்சுச் சேனாநாயக்க சமுத்திரம் கட்டினாங்க. அணைக்குக் கீழ பழைய வயல்களுக்குத் தண்ணி ஒழுங்காக வந்தது உண்மை, அதை மறுக்கேலாது. அதோட சேர்த்து வெளி மாவட்டங்களிலயிருந்து பெருந்தொகையாகக் குடியேற்றம் நடந்ததும் உண்மை. 1956 இல கல்லோயாவில இனக்கலவரம் வெடிச்சது. 1961 இல அம்பாறை தனி மாவட்டம். "ஆளில்லாத நிலம்" எண்டு கொழும்பில இருந்து ஒரு வரைபடத்தைப் பார்த்துச் சொல்ற பழக்கம் லண்டன்காரரிட்ட இருந்து வந்தது, பழகினவங்க நாங்க.

அதால பிள்ளைகளிட்ட ஒரு கேள்வியைக் குடுங்க சேர்: ஒரு நிலம் ஆருக்கு எண்டு தீர்மானிக்கிறவர் அந்த நிலத்தை எப்ப கடைசியாக மிதிச்சார்? 1840 க்கும் 1949 க்கும் இண்டைக்கும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்.

---

பட்டியடி எழுதியது:

மேய்ச்சற்தரைக் கேள்வி எனக்கு. இதைப் போகக் கலண்டரோடு பார்த்தால்தான் விளங்கும்.

மாரி வேளாண்மை விதைப்பு ஒக்டோபர், நவம்பர். வெட்டு ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை. விதைக்க முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, வேலி அடைக்கும் திகதி, வட்டைக்குள்ளிருந்து மாடுகளை வெளியேற்றும் திகதி எல்லாம் தீர்மானிக்கப்படும். பெரிய குளங்களுக்கு மாவட்டச் செயலாளர் தலைமையில் நடக்கும். சட்டம் 1946 இன் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம். அதன் வேர் 1856 இன் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1850 களின் பிற்பாதியில், இறக்காமம் குளமும் அம்பாறைக் குளமும் திருத்தப்பட்டன. அப்போது ஊரார் பெரும்பான்மையாகச் சேர்ந்து பழைய நீர் வழமைகளைத் தீர்மானித்தால் அதை அரசு அமுல்படுத்தும் என்று அந்தச் சட்டம் சொன்னது. வட்டை விதானை (வயல்வெளித் தண்ணீரைப் பார்ப்பவர்) முறைக்குச் சட்ட பலம் வந்தது அந்த வழியால். 1958 இன் நெற்காணிச் சட்டம் அதை நீக்கிக் குழுக்களைக் கொண்டுவந்தாலும் "வட்டை விதானை" என்ற பெயர் இன்னும் வயலில் நிற்கிறது.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். தண்ணீர் வழமையை எழுதிப் பாதுகாத்த அதே ஆட்சி, மேய்ச்சல் வழமையை எழுதவில்லை. நெல்லில் வரி வந்தது. மாட்டில் அந்த அளவு வரி இல்லை. ஆகவே வயல் சட்டத்துக்குள் வந்தது, மாடு போகும் காடு "தரிசு" ஆனது. 1885 இலும் 1907 இலும் வனக் கட்டளைச் சட்டங்கள் வந்து அதன் மேல் இன்னொரு திணைக்களத்தை உட்கார வைத்தன. 1876 இல் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. மாடு வயலுக்குள் போனால் நட்டஈடு. மாடு போகக்கூடிய இடம் எது என்று சொல்லும் சட்டம் வரவில்லை.

இன்றைய சிக்கல் அப்படியே அதன் தொடர்ச்சி. கூட்டம் ஒரு திகதியைச் சொல்லி மாட்டை வெளியேற்று என்கிறது. பட்டிக்காரர் மேற்கே மயிலத்தமடு, மாதவணை போன்ற தரைகளுக்குச் சாய்க்கிறார். அங்கே வன இலாகா, வனஜீவராசிகள் திணைக்களம், மகாவலி அதிகார சபை என்று வேறு வேறு அதிகாரம். வெளியேற்றும் திகதி போட்ட கூட்டத்துக்கு அங்கே ஒரு சொல்லும் செல்லாது. மயிலத்தமடுப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் வீதியில் இறங்கியது இந்தத் தரைகளுக்காகத்தான். அரைவாசி வருடம் மாடு வட்டையில் அறுத்த வயலின் தாள் மேயும், அரைவாசி வருடம் தரையில் நிற்கும். மாடு கீழே இறங்கியிருக்கும் மாதத்தில் ஓர் அதிகாரி போய்ப் பார்த்தால் வெறும் நிலம்தான் தெரியும். "பயன்பாடற்றது" என்று எழுதிவிடுவார். சேனைக்கு நடந்தது அப்படியே மேய்ச்சலுக்கும் நடக்கிறது.

பண்ணையாளர் சங்கங்கள் செய்யக்கூடியது: மாட்டுவழி, நீர்நிலை, காலை (மாட்டுத் தொழுவம்) அடிக்கும் இடம் ஒவ்வொன்றையும் தொலைபேசியில் இடக்குறியோடு, மாரியிலும் கோடையிலும் தனித்தனியாகப் பதிந்து வைக்க வேண்டும். குறிசுட்ட பதிவு, காதுத் தகடு இலக்கம், தடுப்பூசி அட்டை, மாட்டுச் சீட்டு எல்லாவற்றிலும் பட்டி நின்ற இடத்தின் பெயர் வரும்படி கால்நடை வைத்திய அலுவலகத்தில் எழுதுவிக்க வேண்டும். பெரும்பாலான அட்டைகளில் உரிமையாளரின் வீட்டு விலாசம் மட்டும் இருக்கிறது. தரையைப் பாவித்ததற்கு அது சாட்சி ஆகாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் அறிக்கையில், மாட்டை வெளியேற்றும் திகதிக்குப் பக்கத்திலேயே, எந்தத் தரைக்கு வெளியேற்றுவது என்பதையும் பதிவு செய்யக் கேட்க வேண்டும். வருடா வருடம் அந்த வரி ஏறினால் அதுவே அரச ஆவணம். அதன் பிறகு நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம், அரச காணிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒதுக்கீடு, வர்த்தமானி. வர்த்தமானி இல்லாமல் கூட்டத் தீர்மானம் மட்டும் இருந்தால் அடுத்த அதிகாரி வரும்போது அது காற்றோடு போகும்.

---

படுவான்கரை எழுதியது:

எல்லாருக்கும் மிச்சம் நன்றி. சம்மாந்துறையான் நானா சொன்ன கேள்வியைக் கட்டாயம் குடுக்கிறன். 1840 இன் இரண்டு சட்டங்களையும் ஒரு தாளில பக்கத்துக்குப் பக்கம் அச்சடிக்கப் போறம். உறுதிக்கட்டு அண்ணன், ஒண்டு மட்டும்: இப்ப ஒருத்தருக்கு "அரச காணியை விட்டு வெளியேறு" எண்டு அறிவித்தல் வந்தா அந்த ஊகம் எப்படி வேலை செய்யும்? பிள்ளைகள் அதைக் கட்டாயம் கேப்பாங்க.

---

உறுதிக்கட்டு எழுதியது:

அதற்கு 1979 இன் 7 ஆம் இலக்க அரச காணி (ஆட்சி மீளப்பெறல்) சட்டம். தகுதிவாய்ந்த அதிகாரி, பெரும்பாலும் பிரதேச செயலாளர், வெளியேறல் அறிவித்தல் கொடுப்பார். குறைந்தது 30 நாள் அவகாசம் இருக்க வேண்டும். வெளியேறாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம். அங்கே இது அரச காணிதானா என்று வாதாட முடியாது. அதிகாரி தன் விண்ணப்பத்தில் அப்படிச் சொன்னாலே காணும். அழைக்கப்பட்டவர் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: அரசு சட்டப்படி கொடுத்த, இன்னும் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்லது வேறு எழுத்து அதிகாரம். தனியார் உறுதி அங்கே எடுபடாது. நாற்பது வருடத் தென்னையும் எடுபடாது. 1840 இல் எதிர்த்து நிரூபிக்கவாவது இடம் வைத்தார்கள். சுதந்திரத்துக்கு 31 வருடம் கழித்து வந்த சட்டம் நீதவான் முன்னிலையில் அந்த இடத்தையும் மூடியது.

ஆகவே அறிவித்தல் வந்த நாளிலேயே செய்ய வேண்டியவை: உறையையும் அறிவித்தலையும் பத்திரமாக வைத்து, கிடைத்த திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிவித்தலில் சொல்லப்பட்ட காணியின் எல்லையும் பரப்பளவும் நீங்கள் இருக்கும் காணியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். உறுதிக் காணி என்றால் 30 நாள் முடிய முன் சட்டத்தரணியிடம் போய், அந்த அறிவித்தலையே எழுத்தாணை (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யும் நீதிமன்ற ஆணை) மூலம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்குவதுதான் வழி. நீதவான் கட்டளை வரும்வரை காத்திருந்து அங்கே உறுதியைக் காட்டலாம் என்று நினைப்பவர்கள்தான் வீட்டை இழக்கிறார்கள்.

வெளியேற்றக் கட்டளை வந்துவிட்டாலும் ஒரு கதவு இருக்கிறது. தானே உரிமையாளர் என்பவர், அந்தக் கட்டளைத் திகதியிலிருந்து 6 மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக உரித்து வழக்குத் தாக்கல் செய்யலாம். வென்றால் நட்டஈடு கேட்கலாம். அந்த வழக்குக்கு வேண்டிய உறுதித் தொடரையும் பதிவகப் பிரதிகளையும் திரட்டவே இரண்டு மூன்று மாதம் போகும். அதனால் பத்திரங்களை இப்போதே தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சேர்.